தங்கச்சிமடம் மாடி டான்ஸ் கிளாஸ்: பிள்ளையைச் சேர்க்கலாமா?

தங்கச்சிமடத்தில் மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் தெருவில், வலை, கயிறு விற்கும் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் டான்ஸ் கிளாஸைப் பற்றி எழுதுகிறேன். போர்டு கிடையாது. "மாஸ்டர் கிளாஸ்" என்று சொன்னால் ஆட்டோக்காரர்களே வாசலில் இறக்கிவிடுவார்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், போன வருஷம் பள்ளி திறந்ததிலிருந்து இங்கே போகிறாள். நான் தையல் தொழில் செய்கிறேன். ஆண்டுவிழா சமயத்தில் டான்ஸ் டிரெஸ் எல்லாம் என்னிடம்தான் வரும். அதனால் இந்தப் பக்கத்தில் எந்த கிளாஸ் பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள் என்று மேடைக்குப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரை, சினிமா டான்ஸை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு நான் கைகாட்டுவது இந்த இடத்தைத்தான்.

மாஸ்டர் இந்த ஊர்க்காரர். பிளஸ் டூ முடித்துச் சென்னைக்குப் போய், குரூப் டான்ஸராக நின்று, சினிமா டான்ஸர்கள் சங்கத்தில் உறுப்பினர் கார்டு வாங்கி, பிறகு அசிஸ்டெண்ட் ஆகி, டிவி டான்ஸ் நிகழ்ச்சிகளில் ஜோடிகளுக்கு ஆட்டம் அமைத்துக் கொடுத்தவர். 2020-ல் கொரோனாவில் ஷூட்டிங் நின்றபோது ஊருக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். எந்தப் படம், எந்த ஹீரோ என்று அவராக வாய் திறக்க மாட்டார். சுவரில் ஒரு போட்டோகூட இல்லை.

ஆரம்பத்தில் சில வாரம் பாட்டே போடுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் சில பெற்றோர் கோபித்துக்கொண்டு பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். வெறும் கவுண்ட்தான். ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட் என்று அவர் கைதட்ட, பிள்ளைகள் நடக்கிறார்கள், திரும்புகிறார்கள், நிற்கிறார்கள். தரையில் சாக்பீஸில் வரிசை போட்டிருக்கிறார். பின்வரிசைப் பிள்ளை முன்னால் நிற்கும் இரண்டு பேரின் தோளுக்கு நடுவே தெரிய வேண்டும். ஆடிக்கொண்டே இடம் மாறினாலும் அந்த இடைவெளி கெடக்கூடாது. "ஆத்தா, உன் காலைப் பார்க்காதே, பக்கத்துல நிக்கிறவ தோளைப் பாரு" என்று என் மகளிடம் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆண்டுவிழாக்களில் நான் கண்ட பெரிய குறையே இதுதான். பிள்ளைகள் ஸ்டெப் எல்லாம் சரியாகப் போடுவார்கள், ஆனால் பாதிப் பேர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மறைந்துபோவார்கள். பாவம், பின்னால் நிற்கிற பிள்ளையின் அம்மா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேடுவாள்.

கண்ணாடியும் இங்கே இல்லை. கேட்டதற்கு, "செட்டுல கண்ணாடி ஏதுக்கா? கேமரா பக்கத்துல அசிஸ்டெண்ட் நின்னு ஆடிக் காட்டுவாரு, அதைப் பார்த்துதான் ஆடணும்" என்றார். அதே மாதிரி எதிரில் நின்று, பிள்ளைகள் வலது கை தூக்கும் இடத்தில் இவர் இடது கை தூக்கி ஆடுகிறார். பாட்டை ஓடவிட "நாக்ரா!" என்று குரல் கொடுக்கிறார். நாக்ரா என்ற டேப் மெஷினில் பாட்டு ஓடிய காலத்திலிருந்து செட்டில் வரும் வழக்கமாம். இப்போது பிள்ளைகளும் சேர்ந்து கத்துகின்றன.

நான் கண்டதில் சிறந்த வகுப்பு, ஸ்லோ மோஷன் சொல்லிக்கொடுத்த சாயந்திரம். மொட்டைமாடிக்கு எல்லோரையும் கூட்டிப்போனார். கடல் காற்று தாவணியைப் பிடுங்குகிற நேரம். ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டார், பாடியவர் குரல் கீச்சுக் கீச்சென்று வந்தது. அந்த வேகத்துக்கே வாயசைத்து ஆடச் சொல்லி, போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தார். பிறகு பாட்டின் நிஜ வேகத்தோடு ஓட்டிக் காட்டினார். தாவணியும் முடியும் மெதுவாக அலைகின்றன, உதடு மட்டும் பாட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது! சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படம் ஓடும், 48 படமாக எடுத்து 24 ஆக ஓட்டினால் அசைவு பாதி வேகமாகிவிடும், அதனால்தான் பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி எடுக்கிறார்கள் என்று விளக்கினார். கணக்கென்றாலே ஓடுகிற என் மகள் அன்று ராத்திரி அதைத் தன் தம்பிக்கு உட்கார்ந்து விளக்கினாள். நான் கொடுத்த ஃபீஸுக்கு அன்றே பலன் கிடைத்துவிட்டது.

சினிமாவுக்கும் டிவிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் செய்தே காட்டுவார். சினிமாவில் பாட்டைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். பல்லவியில் ஒரு வரிக்கு உண்டான அதே அசைவைத் தூரத்தில் ஒரு தடவை, நெருக்கத்தில் ஒரு தடவை, முகத்துக்கு மட்டும் இன்னொரு தடவை ஆட வேண்டும். பத்தாவது டேக்கிலும் முதல் டேக்கின் சிரிப்பு இருக்க வேண்டும். டிவி மேடையில் பாட்டு முழுக்க ஒரே மூச்சு, சுற்றிலும் பல கேமரா, எதிரே நடுவர்கள். அடுத்த சுற்றுக்கு வேறு தலைப்பு, வேறு பாட்டு. அதற்குள் ஆடத் தெரியாத நடிகரையும் ஆட வைத்துவிட வேண்டும். விஜய் டிவியில் 2006-ல் ஜோடி நம்பர் ஒன்னும், 2007-ல் கலைஞர் டிவியில் கலா மாஸ்டரின் மானாட மயிலாடவும் வந்த பிறகு இந்த வேலை எத்தனையோ டான்ஸர்களுக்குச் சோறு போட்டது என்று சொல்வார்.

ஆட்டம் என்றால் ஸ்டெப் மட்டுமில்லை என்பதற்கு அவர் எடுக்கும் உதாரணம், 'ஆடுகளம்' படத்துக்காக தினேஷ் மாஸ்டர் தேசிய விருது வாங்கியது. கைலி கட்டின பையன் மனசு கொள்ளாத சந்தோஷத்தில் தெருவில் எப்படி ஆடுவான் என்று யோசித்து அமைத்த ஆட்டம் அது என்பார். அப்படியே நம்ம ஊர் ஒயிலாட்டத்துக்கு வந்துவிடுவார். கைத்துணியை வீசும்போது மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, கும்மியில் குனிந்து நிமிரும்போது இடுப்பு எப்போது நிற்கிறது என்று பிரித்துப் பிரித்துக் காட்டுகிறார். என் மாமியார் ஒருநாள் கூட வந்து பார்த்துவிட்டு, கும்மி அடவை அவரே எழுந்து திருத்தினார். மாஸ்டர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

சேர்க்க வருகிற பெற்றோரிடம் இந்தத் தொழிலைப் பற்றி மறைக்காமல் பேசுகிறார். நம்ம பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் ஹீரோ ஆவதற்கு முன்னால் தங்கப்பன் மாஸ்டரிடம் அசிஸ்டெண்டாக இருந்தவர், லாரன்ஸ் மாஸ்டரும் குரூப் டான்ஸராக ஆடி மேலே வந்தவர் என்று சொல்லிவிட்டு, அதே வரிசையில் நின்று கடைசி வரை முகம் தெரியாமலே போனவர்கள்தான் ரொம்பப் பேர் என்பதையும் சொல்கிறார். பாட்டு இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் இல்லை. முட்டி போனால் வேலையும் போச்சு. "டிவியில வாய்ப்பு வாங்கித் தர்றேன்னு யாரு காசு கேட்டாலும் குடுக்காதீங்கக்கா. பிள்ளை டிகிரியை முடிக்கட்டும்" என்பது எனக்குச் சொன்னது. மகளை நம்பி அனுப்புகிற அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறைகளும் உண்டு. மாடிப்படி குறுகல், ஒரு பக்கம் கைப்பிடி இல்லை. சின்னப் பிள்ளைகளைத் தனியாக ஏறவிடாதீர்கள். பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தனி அறை இல்லை, வீட்டிலிருந்தே மாற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சீக்கிரம் ஒரு தடுப்பாவது போட்டுத் தர வேண்டும், நானே திரைத்துணி தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மே மாசம் தகரக் கூரைக்குக் கீழே வெக்கை தாங்காது. டைல்ஸ் தரையில் குதித்து ஆடுவது முட்டிக்கு நல்லதில்லை. முட்டியைப் பற்றி அவ்வளவு சொல்பவர் தரைக்கு ஒரு ரப்பர் விரிப்பு போடலாம். பரதம் கற்க நினைப்பவர்கள் வேறு இடம் பாருங்கள், இவர் அதைத் தொடுவதில்லை.

மாசம் 800 ரூபாய். செவ்வாய், வியாழன் சாயந்திரமும் ஞாயிறு காலையும் வகுப்பு. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த பிறகுதான் தொடங்குகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வீட்டுப் பிள்ளைகளிடம் ஃபீஸ் கேட்பதில்லை, படகு கடலுக்குப் போன பிறகு கொடுத்தால் போதும். அந்த இரண்டு மாசம் பள்ளி லீவும் சேர்ந்து வருவதால் கூட்டம் அதிகம். புதிதாகச் சேர்ப்பவர்கள் ஜூலைக்கு மேல் போனால் ஒவ்வொரு பிள்ளையையும் நின்று கவனிக்க அவருக்கு நேரம் இருக்கும். ஷூ எதுவும் வாங்க வேண்டாம், ஆரம்பத்தில் வெறுங்கால்தான். தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் கொடுத்து அனுப்புங்கள்.