ஃபெர்ரியா, பாலமா: எது வேகம்?

மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுன் போக எது வேகம், ஃபெர்ரியா, பினாங்குப் பாலமா? டியூஷனுக்கு வரும் நான்காம் படிவப் பிள்ளைகளிடம் முதல் நாள் இதைத்தான் கேட்பேன். “பாலம்தான் டீச்சர்” என்று உடனே பதில் வரும்.

ஃபெர்ரி நேராகக் கடலைத் தாண்டுகிறது. 3 கிலோமீட்டர், 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கார் தெற்கே பிறைக்குப் போய், 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து, குளுகோர் பக்கம் இறங்கி, மறுபடியும் வடக்கே வர வேண்டும். மொத்தம் 20 கிலோமீட்டர், அரை மணி நேரம் என்போம். காரின் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், ஃபெர்ரிக்கு 15. பிள்ளைகள் சொன்னது சரி.

திசைவேகத்தைக் கேட்டால் முடிவு தலைகீழ். ஓடிய தூரம் அதற்குத் தேவையில்லை. கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நேர்க்கோட்டில் எவ்வளவு, எந்தத் திசையில் என்பதுதான் கணக்கு. இரண்டுக்கும் இடப்பெயர்ச்சி அதே 3 கிலோமீட்டர், ஏறக்குறைய மேற்கே. ஃபெர்ரிக்கு மணிக்கு 15 கிலோமீட்டர், காருக்கு வெறும் 6! மாலையில் அதே பாலத்தில் வீடு திரும்பினால், 40 கிலோமீட்டர் ஓடிய காருக்கு முழுப் பயணத்தின் சராசரி திசைவேகம் சுழியம்.

பள்ளியில் மலாயில் வேகத்தை லாஜு, திசைவேகத்தை ஹலாஜு என்று படிக்கிறார்கள். ஹலா என்றால் திசை. நம் திசைவேகமும் அப்படியே கட்டப்பட்ட சொல்தான். இதைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும்போது பிள்ளைகளின் முகம் தெளிவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முடுக்கத்தில்தான், அதாவது பெச்சுத்தானில்தான், கெட்டிக்காரர்களும் சறுக்குகிறார்கள். விரைவாகப் போவது முடுக்கம் ஆகாது. பாலத்தின் நேரான பகுதியில் மணிக்கு 72 கிலோமீட்டரில் சீராகப் போகும் காருக்கு முடுக்கமே இல்லை. பிறை டோலில் நின்று கிளம்பி, 10 விநாடியில் அதே 72ஐ, அதாவது விநாடிக்கு 20 மீட்டரை எட்டினால், விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வேகம் கூடுகிறது. அதுதான் முடுக்கம். பாலம் வளையும் இடத்தில் முள் 72லேயே நின்றாலும் முடுக்கம் உண்டு, திசை மாறுகிறதே! உடம்பு ஒருபக்கம் சாய்வது அதனால்தான். ஃபெர்ரி மெல்ல நகர்ந்து மெல்ல நிற்பதால் அதில் இதை உணர்வது கடினம்.

போன வாரம் ஒரு மாணவன் கேட்டான், “ஃபெர்ரி ஜெட்டியில் 20 நிமிடம் காத்திருந்தால், டீச்சர்?” அவனையே போடச் சொன்னேன். 32 நிமிடத்தில் 3 கிலோமீட்டர், மணிக்கு 5.6. திசைவேகத்திலும் கார் முந்திவிட்டது.