குரோமா ஃபயர்பாக்ஸா: ஓட்டை கண்டுபிடிக்கப்படும் நாளில் எது கைகொடுக்கும்?

குரோமில் ஆபத்தான ஓட்டை, அதாவது தாக்குபவர்கள் நுழைய இடம்தரும் நிரல் பிழை, என்று செய்தி வந்தால் போதும், "நான் எட்ஜுக்கு மாறிவிட்டேன், இனி கவலையில்லை" என்று யாராவது நிம்மதியாகச் சொல்வதைக் கேட்கிறேன். பெயர் மாறியிருக்கிறதே தவிர, மைக்ரோசாஃப்டின் எட்ஜுக்குள் ஓடும் இன்ஜின், அதாவது இணையப் பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் மையப் பகுதி, பெரும்பாலும் குரோமில் இருக்கும் அதேதான்.

வேகம், தோற்றம், பாஸ்வேர்டு சேமிப்பு எல்லாவற்றிலும் குரோமும் ஃபயர்பாக்ஸும் ஏறக்குறைய சமம். கூகுள் சேவைகளிலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு குரோம் கொஞ்சம் வசதி. விளம்பரத் தடுப்பில் ஃபயர்பாக்ஸ் முந்துகிறது. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி அங்கே முழு பலத்தோடு ஓடுகிறது. குரோமில் அதன் லைட் வடிவம்தான்.

நான் ஃபயர்பாக்ஸுக்கு மாறியது இன்ஜினுக்காக. ஓபரா 2013-இல் தன் இன்ஜினைக் கைவிட்டது. 2020 ஜனவரியில் எட்ஜும் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு வந்துவிட்டது. பிரேவ், விவால்டி பிரவுசர்களும் அங்கேதான். 2022 மார்ச்சில் குரோமியத்தில் தளங்களின் நிரலை ஓட்டும் வி8 ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினில் இருந்த ஓர் ஓட்டையைத் தாக்குபவர்கள் பயன்படுத்துவது தெரிந்ததும், அந்த ஒன்றை அடைப்பதற்காகவே கூகுள் அவசர அப்டேட் விட்டது. எட்ஜுக்கும் அதே அவசரம்.

2010 ஜனவரியில் நிலைமை வேறு. கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களைத் தாக்க மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரின் ஓட்டை பயன்பட்டது. அதை அடைக்கும்வரை வேறு பிரவுசருக்குப் போங்கள் என்று ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகளின் பாதுகாப்பு அமைப்புகளே சொல்லின. போக இடம் இருந்ததால் அந்த அறிவுரைக்குப் பலன் இருந்தது. அதற்கு முன் எக்ஸ்ப்ளோரர் 90 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவைத்திருந்த காலத்தில், 2001-இல் வந்த ஆறாம் பதிப்புக்கு அடுத்தது வர 2006 ஆயிற்று. போட்டி இல்லாத இடத்தில் யாருக்கும் அவசரமில்லை. இன்று குரோமைப் பற்றி அதே அறிவுரை வந்தால், விண்டோஸ்காரர் எங்கே போவார்? வேறு இன்ஜினோடு நிற்கும் பெரிய பெயர் ஃபயர்பாக்ஸ் ஒன்றுதான்.

குரோமுக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். அன்றைய மைக்ரோசாஃப்ட் போல கூகுள் தூங்கவில்லை. ஒரு தளம் இன்னொன்றின் தகவலைத் தொடாதபடி ஒவ்வொன்றையும் தனித்தனி செயல்முறையில் (process) பூட்டிவைக்கும் ஏற்பாடு குரோமுக்கு 2018-இலேயே வந்தது. ஃபயர்பாக்ஸுக்கு 2021 வரை ஆனது. தனி இன்ஜின் எல்லா நேரமும் காப்பதும் இல்லை. 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கும் நிரலில் இருந்த ஓட்டை இரண்டையும் பாதித்தது. 2024 அக்டோபரில் ஃபயர்பாக்ஸிலேயே ஓர் ஓட்டை தாக்குதலுக்குப் பயன்பட்டது. தகவல் கிடைத்து சுமார் ஒரே நாளில் அதை உருவாக்கும் மொஸில்லா அடைத்தது.

எதை வைத்திருந்தாலும், அப்டேட் தானாக இறங்கினால் மட்டும் போதாது. பிரவுசரை மூடித் திறக்கும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய, ஓட்டையுள்ள பதிப்புதான். டேப்களை இழக்க மனமில்லாமல் வாரக்கணக்கில் திறந்தே வைத்திருப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். மேல் வலது மூலையில் குரோம் காட்டும் அறிவிப்பு அதற்காகத்தான்.

ஃபயர்பாக்ஸில் என்னை உறுத்துவது பணம். மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுளே தருவது. அந்தக் குழாய் அடைபட்டால் இந்த மாற்று இன்ஜினும் தள்ளாடும்.

இதெல்லாம் கணினிக்கு. ஐபோனில் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பானுக்கு வெளியே எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் இன்ஜின்தான், அதனால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸோடு எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே மாறச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். கணினியில் குரோமை அழிக்கவில்லை, ஃபயர்பாக்ஸில் சரியாகத் திறக்காத ஓரிரு தளங்களுக்காக வைத்திருக்கிறேன்.