தஞ்சாவூர் பக்கம் ஒரு நாய் பூனை போர்டிங்: எங்க ஆபீஸ விட அங்க ஸ்டாஃப் தேவல

வெளியூர் போறப்ப நாயையும் பூனையையும் எங்க விடறதுன்னு நெறய பேர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. ஒரத்தநாடு ரோட்டுல தென்னந்தோப்புக்குள்ள இருக்கு, போர்டு சின்னது, பாக்காம தாண்டிப் போயிடுவீங்க. ஒரத்தநாட்டுலயே 2012ல வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கறதால ஏதாச்சும்னா தூக்கிட்டு ஓட ஒரு எடம் இருக்குங்கற தைரியம்.

எனக்குப் புடிச்சது என்னன்னா அங்க பாத்துக்கற அண்ணன் என்ன ஜாதி நாய்னு முதல்ல கேக்கல, சாப்பிடறப்ப கிட்ட போனா உறுமுமா, இடி இடிச்சா எங்க போய் ஒளியும், புது ஆளப் பாத்தா என்ன பண்ணும்னு சுபாவத்ததான் கேட்டாரு. எங்க ஆபீஸ் இண்டர்வியூல கூட இவ்ளோ தெளிவா கேக்கறதில்ல. நான் கும்பகோணத்துல ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், இந்த போர்டிங்ல இருக்கற ஒவ்வொன்னையும் பாக்கறப்ப எங்க ஆளுங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது.

லேப் (லேப்ரடார் நாய்) ஒன்னு இருந்துச்சு, வர்றவன் போறவன் எல்லாருக்கும் வாலாட்டும். இந்த மாதிரி ஆளு கூட டீ குடிக்க நல்லாருக்கும், ஆனா ஜூலை 31 வருமான வரி ரிட்டர்ன் கடைசி நாள்ல கிளையண்ட் அரைகுறை பேப்பரோட வந்தாலும் "ஆயிடும் சார்"னு வாங்கி வச்சுட்டு நம்ம தலைல கட்டிட்டுப் போயிடுவாரு.

எங்களுது சிப்பிப்பாறை. முயல் வேட்டைக்கு வளத்த இனம், ஓடற நேரம் போக மீதி நேரம் சும்மா படுத்துக் கெடக்கும், குரைக்கறதே அபூர்வம். ஒரு ராத்திரி விடாம குரைச்சிருக்கு, போய்ப் பாத்தா பூனை ரூம் தாழ்ப்பாள் சரியா விழாம கதவு தொறந்து கெடக்கு. (இப்ப தாழ்ப்பாள மாத்திட்டாங்க.) "தம்பி, இவன் குரைச்சா எந்திரிச்சுப் போய் பாத்துடணும், அந்த லேப் குரைச்சா பொரண்டு படுத்துக்கலாம்"னாரு அண்ணன். கூட வேலை பாக்க எனக்கு இப்படி ஒருத்தர் போதும், கணக்குல டோட்டல் இடிக்கறப்ப மட்டும் வாயத் தொறக்கணும், தொறந்தா அது சரியா இருக்கணும்.

பூனை பாதி நாளுக்கு மேல தூங்கும், கூப்பிட்டா திரும்பாது, ஆனா தீவன மூட்டை ரூம்ல எலி கெடையாது. மேனேஜருக்குப் புடிக்காத நல்ல ஸ்டாஃப். லவ் பேர்ட்ஸ் கூண்டும் இருக்கு, அது எங்க வாட்ஸ்அப் குரூப், விடுங்க.

எலி நம்ம டெல்டாவுல சின்ன சமாச்சாரம் இல்ல, வரப்பெல்லாம் வளை, எலி மூத்திரம் கலந்த தண்ணில இருந்து நாய்க்கு லெப்டோங்கற எலிக்காய்ச்சல் வரும், மனுஷனுக்கும் வரும். அதனால ரேபிஸ் ஊசியோட லெப்டோவுக்கும் சேத்து போட்ட புக்கு இல்லன்னா நாய உள்ள விடமாட்டாங்க, ஒருத்தர் கார்லயே கெஞ்சிப் பாத்துட்டுத் திரும்பிப் போனாரு.

கொறைன்னா பூனை ரூம் ஷீட் கூரை, மத்தியானம் வெக்க தாங்கல, ஃபேன் பத்தல. போட்டோ கேட்டா சாயங்காலம்தான் வரும். நாய்க்கு நாளுக்கு 400, பூனைக்கு 250. தீபாவளிக்கு விடறதா இருந்தா இப்பவே சொல்லி வச்சுடுங்க, வெடிக்குப் பயப்படற நாய்ங்களுக்கு உள்பக்க ரூம் கொஞ்சம்தான் இருக்கு.