நெட்டைக்காலி எங்கே? மேக்ஸென்ட் வரைபடமும் ஆக்குபன்சி கணக்கும்

ஒரு பறவை எங்கெல்லாம் வாழக்கூடும் என்பது ஒரு கேள்வி. அது குறைந்துவருகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் போட்ட வரைபடத்தை வைத்தே இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிடுவதில்தான் பல பாதுகாப்புத் திட்டங்கள் சறுக்குகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பறவைகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதல் கேள்விக்கான வரைபடம் போடும் மென்பொருள் மேக்ஸென்ட்; 2006இல் வெளிவந்தது, மலிவானது. பறவை கண்ட இடங்களின் புள்ளிகள், வேர்ல்ட்க்ளிம் என்ற தரவுத்தளம் தரும் 19 தட்பவெப்ப அடுக்குகள் (சுமார் 1 கி.மீ. கட்டம்), ஒரு மடிக்கணினி, இவை போதும். 'இங்கே இல்லை' என்ற தரவே கேட்காது. அதன் பலமும் அதுதான், கண்ணியும் அதுதான். பறவை இல்லாத இடம் எது என்று தெரியாததால், சுற்றுப்புறத்திலிருந்து 10,000 புள்ளிகளைத் தானாக எடுத்து ஒப்பிடுகிறது. அந்தச் சுற்றுப்புறத்தை எவ்வளவு அகலமாக வரைகிறோமோ அவ்வளவுக்கு ஏ.யூ.சி. மதிப்பெண் ஏறும் (பறவை கண்ட இடத்தையும் பின்னணி இடத்தையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதன் அளவு; 1 என்றால் முழு மதிப்பெண்). நீலகிரிப் பறவைக்குத் தென்னிந்தியா முழுவதையும் பின்னணியாகக் கொடுத்தால் 0.95 வருவதில் வியப்பில்லை. ராமநாதபுரத்தில் அது இல்லை என்று கண்டுபிடிக்க மென்பொருள் எதற்கு?

நீலகிரிச் சிரிப்பானைத் தட்பவெப்பம் மட்டும் கொடுத்து ஓட்டினால், ஆனைமலையும் பழனி மலையும் 'ஏற்ற இடம்' என்று வரைபடத்தில் சிவக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த இனம் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே மட்டுமே உண்டு; தெற்கே இருப்பது பழனிச் சிரிப்பான், தனி இனம். கணவாயைப் பறவை தாண்டவில்லை என்பது வெப்பநிலை அடுக்கில் எழுதியிருக்காது. ஆகவே பறவை உண்மையில் போய்ச் சேரக்கூடிய பரப்பைத்தான் பின்னணியாக வரைய வேண்டும்.

நீலகிரி நெட்டைக்காலியில் சிக்கல் வேறு மாதிரி. அது உயர்மலைப் புல்வெளிப் பறவை. சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தேயிலையும் புல்வெளியை விழுங்கிய இடத்திலும் குளிரும் மழையும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. நிலப்பயன்பாட்டு அடுக்கைச் சேர்க்காவிட்டால், பறவை அற்றுப்போன இடமும் நல்ல இடமாகவே வரைபடத்தில் நிற்கும். சேர்த்தாலும் ஆண்டு பொருந்த வேண்டும். பழைய அருங்காட்சியகப் பதிவை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு கோத்தால் நெட்டைக்காலிக்குச் சீகைக்காடு பிடிக்கும் என்று கணினி மாதிரி (model) கற்றுக்கொள்ளும்.

புள்ளிகளையும் அப்படியே நம்பக்கூடாது. பொதுமக்கள் உயிரினப் பதிவுகளை ஏற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலை இனங்களின் இடத்தை 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் எங்கோ தள்ளி வைக்கிறது; அதாவது 20 கி.மீ.க்கு மேல்கூட நகரலாம். மலையில் 500 மீட்டர் உயரம் மாறினாலே சுமார் 3 டிகிரி வெப்பம் மாறிவிடும். எனவே இடத்துல்லியம் தெரியாத பதிவை நீக்குங்கள், ஒரே கட்டத்தில் குவிந்த பதிவுகளில் ஒன்றை மட்டும் வையுங்கள், 0.7க்கு மேல் ஒட்டுறவுள்ள (correlation, ஒன்றோடொன்று சேர்ந்தே மாறும்) அடுக்குகளில் ஒன்றைக் கழியுங்கள். பதிவுகள் ஊட்டிச் சாலையோரமாகவே குவிந்திருந்தால், பின்னணிப் புள்ளிகளையும் மற்ற பறவைகளின் பதிவிடங்களிலிருந்தே எடுங்கள். சோதனையை இடவாரியான தொகுதிகளாகப் பிரித்துச் செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வெளிவரும் எண் ஒப்பீட்டுப் பொருத்தம்தான், பறவை இருக்கும் நிகழ்தகவு அல்ல.

பறவை எத்தனை இடங்களில் இருக்கிறது என்று மதிப்பிடும் ஆக்குபன்சி முறை (2002) நேர்மையானது, ஆனால் கால் வலிக்கும். ஒரே இடத்துக்கு ஒரே பருவத்தில் பலமுறை போய், ஒவ்வொரு முறையும் கண்டோம், காணவில்லை என்று குறிக்க வேண்டும். எதற்கு இந்தப் பாடு? 100 இடங்களில் 60இல் பறவை இருக்கிறது, ஒருமுறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்று கொள்வோம். மூன்று வருகையில் சுமார் 39 இடங்களில்தான் காண்போம். பத்தாண்டு கழித்து மூடுபனியாலோ புது ஆட்களாலோ அந்த வாய்ப்பு 0.2 ஆகக் குறைந்தால், அதே 60 இடங்களில் 29தான் கிடைக்கும். ஒரு பறவையும் குறையாமலே கால்வாசி 'சரிவு'! ஆக்குபன்சி மாதிரி காணும் வாய்ப்பைத் தனியே கணக்கிட்டுப் பிரித்துவிடுகிறது. அந்த வாய்ப்பு வருகைக்கு வருகை மாறுவதையும் கணக்கில் சேர்க்கப் பனி, காற்று, நேரம், பார்த்தவர் யார் ஆகியவற்றை ஒவ்வொரு வருகைக்கும் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாற்றம் எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. காணும் வாய்ப்பு 0.15க்குக் கீழே, வருகையும் இரண்டு மூன்றுதான் என்றால் 'எல்லா இடத்திலும் உண்டு' என்று 1ஐ ஒட்டிய மதிப்பைத் துப்பும். அந்த விடையைத் தூக்கிப்போட்டுவிட்டு வருகையைக் கூட்டுங்கள்.

இடையில், பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களை ஏற்றும் ஈபேர்ட் தளம் இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை 2023 அறிக்கை 942 இனங்களை அதை வைத்தே மதிப்பிட்டது. கண்ட எல்லா இனங்களையும் குறித்த முழுப் பட்டியல்களை மட்டும் எடுத்து, 5 மணி நேரம், 5 கி.மீ. போன்ற வரம்பு வைத்து, குழுவாகப் பகிர்ந்த பட்டியல்களை ஒன்றாக்கினால் மாநில அளவில் போக்கு தெரியும். ஒரு குறிப்பிட்ட புல்வெளியில் என்ன ஆயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் அங்கே பட்டியலே போதாது.

கைக்காசு குறைவென்றால் மேக்ஸென்ட் வரைபடத்தைத் தேடுதல் வரைபடமாக மட்டும் வைத்து, அதிலிருந்து ஆக்குபன்சி இடங்களைப் பொறுக்குவதே எங்கள் தேர்வு. அரிய இனத்துக்கு இடங்களைக் கூட்டுங்கள், பரவலான இனத்துக்கு வருகைகளைக் கூட்டுங்கள். மதிப்பெண் குறைந்த கட்டங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்குங்கள். சிவந்த கட்டங்களுக்கு மட்டும் போனால் வரைபடம் தவறா என்று சோதிக்கவே வழியில்லாமல் போகும்.