சர்வே கேள்விகள்: செட்டிநாட்டு மரியாதைக்கு எது தாக்குப்பிடிக்கும்?

செட்டிநாட்டில் சர்வே எடுப்பவருக்கு முதல் எதிரி மரியாதை. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். உப்பு கூடியிருந்தாலும் "நல்லா இருந்துச்சு ஆச்சி" என்றுதான் சொல்வார். அதையே தாளில் அச்சடித்து, "எங்கள் உணவு பிடித்திருந்ததா? ஆம் / இல்லை" என்று நீட்டினாலும் அதே பதில்தான் வரும்.

காரைக்குடிப் பலகாரக் கடைக்காரர்கள், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுபவர்கள், ஆய்வு மாணவர்கள், பெரிய வீட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாத பங்காளிகள்: இந்தப் பக்கம் கேள்விப்படிவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். "நூறு பேர் எழுதிக் கொடுத்தாங்க, ஒண்ணுமே தெரியலை" என்பதுதான் இவர்கள் எல்லோருடைய குறையும். கேட்ட விதத்தில்தான் கோளாறு என்பது என் கட்சி. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டால் எதில் உண்மை வெளியே வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எழுதச் சொல்வதா, டிக் அடிக்கச் சொல்வதா?

பலகாரக் கடையிலிருந்து ஆரம்பிப்போம். "எங்கள் பலகாரங்களைப் பற்றி உங்கள் கருத்து" என்று தலைப்பிட்டு நாலு கோடு இழுத்த தாள் ஒன்று. தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை என்று பெயர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கட்டம் வைத்த தாள் இன்னொன்று.

கட்டம் போட்ட தாளை எண்ணுவது சுலபம். ராத்திரி கடை அடைத்தபின் அரை மணி நேரத்தில் கூட்டிவிடலாம். ஆனால் கடைக்காரர் நினைத்துப் பார்க்காத எதுவும் அதில் வராது. சீடை நன்றாகத்தான் இருந்தது, டப்பா மூடி சரியில்லாமல் சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்குள் நமத்துவிட்டது என்ற புகாருக்கு எந்தக் கட்டம் இருக்கிறது? கடைசியில் "மற்றவை" என்று ஒரு வரி வைத்தாலும் மிகச் சிலரே அதைத் தொடுவார்கள். பட்டியலில் இருப்பதிலிருந்து எடுப்பதுதான் மனித இயல்பு.

கோடு போட்ட தாளில் இந்த மாதிரி விஷயம் வர வாய்ப்பு உண்டு. ஆனால் "கருத்து" என்று கேட்டால் "அருமை", "சூப்பர்", "வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் எழுதச் சொல்லும் கேள்விதான் கூர்மையாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இது: "போன தடவை வாங்கியதில், வீட்டில் கடைசிவரை தீராமல் கிடந்தது எது?"

இந்தக் கேள்வியில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. டப்பாவில் என்ன மிச்சம் இருந்தது என்று ஞாபகப்படுத்திச் சொன்னால் போதும். "மனகோலம் தீர்றதே இல்லை, பிள்ளைகள் தொடமாட்டேங்குதுக" என்று எழுதுகிறவர், அதே மனகோலம் பிடித்ததா என்று கேட்டிருந்தால் தயங்காமல் "ஆம்" என்று டிக் அடித்திருப்பார். அபிப்பிராயத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்டால் மரியாதைக்கு அங்கே வேலை இல்லை.

என் தீர்ப்பு: முதலில் இருபது முப்பது பேரிடம் இப்படி எழுதி வாங்குங்கள். திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக் கட்டம் போட்ட தாளைத் தயார் செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் உங்கள் மனதில் இருப்பதையே வாடிக்கையாளர் கையால் எழுதி வாங்கிக்கொள்வீர்கள்.

பட்டியல் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணால் படிக்கும் பட்டியலில் மேலே இருப்பதற்கு டிக் அதிகம் விழும். வாயால் படித்துக் காட்டினால் கடைசியில் சொன்னதுதான் காதில் நிற்கும். பாதித் தாளில் பட்டியலைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் இந்தக் கோணல் ஓரளவு சமமாகிவிடும். ஜெராக்ஸ் கடையில் அதற்கு ஒன்றும் கூடுதல் காசு கேட்கப்போவதில்லை.

"ஒத்துக்கொள்கிறேன்" என்ற ஐந்து படிகள்

1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கொண்டுவந்த முறை இது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன் என்பதிலிருந்து சற்றும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வரை ஐந்து படிகள். நம் பக்கத்து ஆய்வேடுகளில் பாதிப் பக்கம் இதுதான். அட்டவணை போட வசதி, சராசரி எடுக்க வசதி, நெறியாளருக்கும் பழக்கம்.

இதன் கோளாறு, எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளப் பார்க்கும் குணம் மனிதருக்கு உண்டு என்பது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பார்த்த குணம்தான். வீடு தேடி வந்து கேட்கும் பிள்ளையிடம் "நீ சொல்றது தப்பு தம்பி" என்று சொல்ல மனம் வராத ஊரில் அது எவ்வளவு வேலை செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

விருந்தினர் தங்கும் வீட்டுக்கு இரண்டு வடிவங்களையும் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

"பணியாளர்கள் விரைந்து கவனித்தார்கள்: முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன் / ஒத்துக்கொள்கிறேன் / நடுநிலை / ஒத்துக்கொள்ளவில்லை / சற்றும் ஒத்துக்கொள்ளவில்லை."

"வெந்நீரோ காபியோ கேட்டபோது எப்போது வந்தது? உடனே / பத்து நிமிடத்துக்குள் / அதற்கும் மேல் / திரும்ப ஞாபகப்படுத்தியபின் / கேட்கவே இல்லை."

இரண்டாவதுதான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. முதலாவதில் எல்லோரும் இரண்டாம் படியில் நின்றுகொள்வார்கள். இரண்டாவதில் "திரும்ப ஞாபகப்படுத்தியபின்" என்று பத்துப் பேர் அடித்தால், மறுநாள் காலையில் யாரைக் கூப்பிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே பலர் பயன்படுத்திய அளவுகோலை அப்படியே எடுத்து அவர்கள் முடிவோடு ஒப்பிட வேண்டிய ஆய்வு மாணவர் லிக்கர்ட்டை விட முடியாது, சரி. அதை விட்டால் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டு, "எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று கேட்பதும் இப்போது பரவியிருக்கிறது. 2003இல் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் என்ற அமெரிக்க வணிக ஆலோசகர் பிரபலப்படுத்தியது. 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். 7, 8 போட்டவர்கள் எந்தப் பக்கமும் சேரமாட்டார்கள். ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் உள்ள கம்பெனிக்கு அது சரிப்படலாம். மாதம் இருபது பேர் தங்கும் வீட்டில், ஒரே ஒருவர் எட்டுக்குப் பதில் ஒன்பது போட்டால் மொத்தக் கணக்கு ஐந்து புள்ளி ஏறிவிடும். அதைப் பார்த்து சமையல்காரருக்குச் சம்பளம் கூட்டுவதும் குறைப்பதும் அநியாயம்.

"அறையும் சாப்பாடும் திருப்தியாக இருந்தனவா?" என்று இரண்டைச் சேர்த்துக் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கேள்வியாக உடைத்துவிடுங்கள்.

மொத்தமாக டிக், ஒவ்வொன்றாக ஆம்–இல்லை

"நீங்கள் பார்த்த இடங்களை எல்லாம் டிக் செய்யவும்: பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் கோட்டை." இப்படிக் கேட்டால் நாலு டிக் அடிக்க வேண்டியவர் இரண்டு அடித்துவிட்டுப் பேனாவை வைத்துவிடுவார். டிக் இல்லாத கட்டத்துக்கு அவர் போகவில்லை என்று அர்த்தமா, கண்ணில் படவில்லை என்று அர்த்தமா என்பதும் தெரியாது. ஒவ்வொரு ஊருக்கும் எதிரே "போனேன் / போகவில்லை" என்று வைத்தால் ஒவ்வொன்றையும் நின்று யோசிக்கிறார்கள், "போனேன்" என்ற பதிலும் கூடுகிறது. தாள் நீளும் என்பதுதான் கஷ்டம். ஐந்தாறு இடங்கள் வரை இரண்டாவது முறை. இருபது இடம் என்றால், கேட்பதையே குறைக்கலாம்.

பங்காளிகளின் வாக்கெடுப்பு

செட்டிநாட்டில் மிகக் கவனமாக எழுத வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாகத் தெருவுக்குத் தெரு நீளும் வீடு. பங்கு எத்தனையோ பேருக்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் ஊரில். ஓடு மாற்ற வேண்டும், அல்லது விற்றுவிட வேண்டும், அல்லது ஓட்டல்காரருக்குக் குத்தகைக்கு விட வேண்டும். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்புப் போடுகிறார்: "வீட்டை வெளியாருக்கு விடலாமா?"

இன்னொருவர் "வெளியாருக்கு விடுவதைத் தடுக்க வேண்டுமா?" என்று போட்டிருந்தால் வேறு முடிவு வந்திருக்கும். இது வெறும் ஊகம் இல்லை. 1941இல் டொனால்ட் ரக் என்ற கருத்துக்கணிப்பு ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அனுமதிக்கலாமா என்று ஒரு பகுதியினரிடம் கேட்டபோது 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். தடை செய்யலாமா என்று இன்னொரு பகுதியினரிடம் கேட்டபோது தடை செய்யலாம் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடுப்பதும் காரியத்தில் ஒன்றுதான். ஆனால் "தடுக்கிறேன்" என்று சொல்ல மனிதருக்குக் கை வருவதில்லை. பங்காளி வீட்டு விஷயத்தில் இன்னும் வராது.

இதற்கு ஆம்–இல்லை வேண்டாம். வழிகளையே ஆப்ஷனாக வையுங்கள்: "ஆளுக்குப் பங்குப்படி பணம் போட்டுப் பழுது பார்ப்பது / ஐந்து வருடக் குத்தகைக்கு விடுவது / விற்றுப் பங்கு பிரிப்பது / இப்போதைக்கு இப்படியே விடுவது." ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, என்ன வரவு என்று ஒரு வரி மேலே இருக்கட்டும். நாலாவது ஆப்ஷனை விட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் மனதில் இருப்பது அதுதான்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பா, கூகுள் ஃபார்மா என்றால் இந்த விஷயத்தில் ஃபார்ம்தான். வழக்கமான வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்று பெயரோடு தெரியும். பெரிய அப்பச்சி முதலில் "குத்தகை" என்று அமுக்கிவிட்டால், அதற்கப்புறம் தம்பி மகன் எதை அமுக்குவான்? பல பதில்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற பொத்தானை அணைக்க மறந்தால் ஒருவரே நாலுக்கும் போட்டுவிட்டு "எனக்கு எல்லாம் சம்மதம்" என்பார். விசேஷத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று எண்ண வாட்ஸ்அப் போதும், அதில் பெயர் தெரிவதே நல்லது. ஃபார்மில் பெயர் கேட்காமல் பங்கின் அளவை மட்டும் கேட்கலாம். ஆனால் கண் சரியாகத் தெரியாத ஆச்சிகளுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அந்த யாராவது, வீட்டை விற்கத் துடிக்கும் பேரனாக இருக்கக் கூடாது.

கூலியைக் கேட்பது

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை வார்க்கும் தொழிலாளியிடம் "மாத வருமானம்: 10,000–20,000 / 20,000–30,000" என்று நீட்டும் ஆய்வு மாணவர்கள் உண்டு. சரியாக இருபதாயிரம் வாங்குகிறவர் எந்தக் கட்டத்தில் அடிப்பார் என்பது முதல் சிக்கல். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு மாத வருமானம் என்று ஒன்றே கிடையாது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். "போன வாரம் எத்தனை நாள் வேலை? ஒரு நாளைக்கு எத்தனை கல்? ஒரு கல்லுக்கு என்ன கூலி?" என்று மூன்றாகக் கேட்டு, பெருக்கலை நீங்கள் செய்துகொள்ளுங்கள். மழை மாதத்தில் கேட்டால் மழை மாதக் கணக்குதான் கிடைக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சைக் கேள்வி: நாலு ஆப்ஷனா, மூன்றா?

தெரிவு வினா பரீட்சைக்கு வந்தது 1915 வாக்கில், அமெரிக்காவின் கன்சாஸில் ஃபிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் எழுதிய மௌன வாசிப்புத் தேர்வில். சர்வேயில் சரியான பதில் என்று ஒன்று இல்லை, இங்கே உண்டு. அதனால் தவறான ஆப்ஷன்களை எழுதுவதில்தான் ஆசிரியரின் கைவண்ணம் தெரியும். ஆத்தங்குடிக் கல்லையே வைத்து இரண்டு வடிவங்கள்:

"ஆத்தங்குடிக் கல்லைப் பற்றித் தவறில்லாதது எது? (அ) மரத்தால் ஆனது (ஆ) ஜப்பானில் செய்வது (இ) மணல், சிமெண்ட், நிறப்பொடி சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துக் கையால் செய்வது (ஈ) மேற்கண்ட அனைத்தும்"

"ஆத்தங்குடிக் கல்லின் மேற்பரப்புக்கு வழவழப்பு எப்படி வருகிறது? (அ) சூளையில் சுடுவதால் (ஆ) கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் (இ) மொசைக் தரைபோல மெஷினில் தேய்ப்பதால்"

முதலாவதைப் பாடமே படிக்காத பையனும் போட்டுவிடுவான். நீளமாக இருப்பதுதான் விடை, "தவறில்லாதது" என்ற முடிச்சை அவிழ்த்தால் போதும். இரண்டாவதில் விடை மட்டும் நீளமாக நிற்கவில்லை, மூன்றும் நம்பும்படியானவை. முப்பது பேரில் பதினைந்து பேர் (அ) போட்டால், ஆத்தங்குடிக் கல்லையும் கூரை ஓட்டையும் ஒன்றாக நினைத்திருக்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. தவறான விடையிலிருந்தும் தகவல் கிடைப்பதுதான் நல்ல கேள்வி.

நாலாவது ஆப்ஷன் இல்லாததால் குருட்டடி அதிகமாகாதா என்று கேட்பார்கள். 2005இல் மைக்கேல் ரோட்ரிகஸ் என்ற கல்வி ஆய்வாளர் எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மூன்று ஆப்ஷன்தான் தகுந்தது என்று சொன்னார். நாலாவதாக வருவது பெரும்பாலும் யாருமே தொடாத நிரப்பல். அதை யோசிக்கும் நேரத்தில் இன்னும் இரண்டு கேள்வி எழுதிவிடலாம்.

குருட்டடியை மதிப்பெண்ணால் தடுக்கப் பார்ப்பதும் உண்டு. நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. நாலு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்து ஒன்று பலித்தாலும், நாலில் மூன்று போக ஒரு மதிப்பெண் மிச்சம். ஒரு ஆப்ஷனையாவது நீக்கத் தெரிந்தவருக்கு அடிப்பதுதான் லாபம். டிஎன்பிஎஸ்சியில் கழிவு கிடையாது. அதற்குப் பதில் "விடை தெரியவில்லை" என்று ஐந்தாவதாக ஒரு வட்டம், ஏதாவது ஒன்றைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். வெறுமனே விட்ட வட்டத்தைப் பின்னால் யாரும் நிரப்பிவிட முடியாது என்பது அதில் உள்ள நன்மை. குருட்டடியை அது தடுக்காது, தெரியவில்லை என்று ஒத்துக்கொள்வதால் தேர்வருக்கு ஒரு லாபமும் இல்லையே.

ஆனால் சர்வேயில் "தெரியாது / யோசித்ததில்லை" என்ற கட்டம் அவசியம் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டல் குத்தகையைப் பற்றி ஒன்றும் தெரியாத பங்காளியும் உங்களுக்காக ஒரு கருத்தை உண்டாக்கிக் கொடுப்பார்.

பள்ளி ஆசிரியர்கள் அரசுத் தேர்வின் நாலு ஆப்ஷன் பழக்கத்தை விட முடியாது என்பார்கள், நியாயம்தான். பாடம் முடிந்ததும் வைக்கும் வகுப்புத் தேர்வுகளை மூன்றில் எழுதுங்கள். மாதிரித் தேர்வை மட்டும் நாலில் வையுங்கள்.