திராட்சை நாற்றில் வைரஸ்: 84,000 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீடியோ பார்த்து ஒட்டுத் திராட்சை நாற்று வாங்கலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், பணத்தை அனுப்பும் முன் இதைப் படியுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தோட்டம் தேனி மாவட்டம், ஓடைப்பட்டிப் பக்கம். கல்லுக்கால் பந்தல், ஒரு ஏக்கர். பழைய கொடியை எடுத்துவிட்டுக் கறுப்பு விதையில்லா ரகம் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். வீடியோ போட்டு வியாபாரம் செய்யும் நர்சரி ஒன்று, பணம் கட்டுவது செடி விற்கும் ஓர் ஆப் வழியாக. பெயர் எழுதவில்லை, எழுதினால் அது தனிப் பஞ்சாயத்து. டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் வளர்க்கும் திராட்சை வகை) கட்டிய ஒட்டு, ஒன்று 140 ரூபாய், 600 நாற்று. மொத்தம் 84,000 ரூபாய்.

இதைவிட மலிவாக உள்ளூரிலேயே கிடைத்தது. இந்த நர்சரிக்காரனிடம் போனதற்குக் காரணம் ஒரே ஒரு காகிதம். முதலில் வீடியோ காலில் வந்தான். தாய்க்கொடிப் பந்தலுக்குள் (ஒட்டுக்குக் குச்சி வெட்டும் கொடிகள்) நடந்துகொண்டே இலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். “பாருங்கண்ணே, ஒரு பொட்டு இருக்கா?” இல்லைதான். அப்புறம் ஒரு சான்றிதழ் அனுப்பினான். முழுக்க இங்கிலீஷ், நீல நிறத்தில் வட்ட முத்திரை, கட்டம் போட்டு வைரஸ் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நெகட்டிவ்’. “வைரஸ் டெஸ்ட் பண்ணி எழுதியே குடுக்கிறோம்ணே, வேற எவன் குடுப்பான்?” என்றான். அன்று ராத்திரியே பணம் போய்விட்டது.

நாற்றும் குறை சொல்ல முடியாதபடிதான் வந்தது. வெள்ளை வேர், பச்சைத் தளிர். பந்தலேறும் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. முதல் காய்ப்பில்தான் வந்தது வினை. அடி இலைகள் சிவக்க ஆரம்பித்தன. அதுவும் எப்படி? நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, நடுவில் உள்ள சதை முழுக்கக் கருஞ்சிவப்பு, ஓரம் இரண்டும் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கிறது. விரித்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. குலையில் பாதி மணி கறுக்கிறது, மீதி சிவப்பிலேயே நிற்கிறது, இனிப்பு ஏறவே இல்லை. வெட்ட வந்த வியாபாரி இரண்டு மணியை வாயில் போட்டுவிட்டு, பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன் அடித்தேன். “மெக்னீசியம் பத்தலண்ணே, எப்சம் உப்பு அடிங்க.” அடித்தேன். அடுத்த முறை, “தண்ணி கூடிப்போச்சு.” அதற்கடுத்து, “கவாத்துக் கத்தரியைக் கழுவாம வெட்டியிருப்பீங்க.” கடைசியாக, “மாவுப்பூச்சி உங்க பந்தல்லதான இருக்கு, எங்ககிட்ட ஏன் கேக்குறீங்க?” அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டான். அந்த ஆப்பில் புகார் போட்டால், உயிருள்ள பொருளுக்கு 48 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டுமாம். முதல் காய்ப்பில் தெரியும் நோயை 48 மணி நேரத்தில் எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது?

அண்ணன் மகள் விவசாயக் கல்லூரியில் படிக்கிறாள். அந்தச் சான்றிதழை அவளிடம் காட்டினேன். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, “சித்தப்பா, இது பூராவும் வாழை நோய்” என்றாள். முடிக்கொத்து நோய் முதற்கொண்டு எல்லாமே வாழை வைரஸ். திசு வளர்ப்பு வாழைக்கன்றுக்குக் கொடுத்த சான்றிதழை அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறான்! 84,000 ரூபாய்க்கு வாழைக் காகிதம். தாய்க்கொடி வீடியோவும் அதே கதைதான். அவன் காட்டியது கவாத்து முடிந்து துளிர்த்த இளம் இலை. இந்த நோய் இளம் இலையில் தெரியாது, முதிர்ந்த அடி இலையில்தான் முகம் காட்டும்.

முற்றிய இலைக்காம்புகளை அவள் சொன்ன ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கொடுத்த மாதிரி அத்தனையிலும் இலைச்சுருள் வைரஸ் வகை 3. உலகம் முழுக்கத் திராட்சையைப் படுத்தும் வைரஸ் இது. மருந்து கிடையாது. பட்டைக்குள் சாறு ஓடும் குழாயில் உட்கார்ந்துகொள்ளும், கொடி சாகும்வரை போகாது. நோயுள்ள கொடியில் வெட்டிய குச்சியும் நோயோடுதான் வரும். டாக்ரிட்ஜ் மாதிரி அமெரிக்க வேர்ச்செடியில் இருந்தால் பெரும்பாலும் வெளியே ஓர் அடையாளமும் இருக்காது.

கத்தரியால் இது பரவாது. மாவுப்பூச்சி பரப்பும், உண்மை. நோயுள்ள கொடியில் சாறு குடித்த பூச்சி, முக்கியமாக அதன் குஞ்சு, அடுத்த கொடிக்குக் கொண்டுபோகும். காற்றில் போகும், வேலையாட்களின் சட்டையில் ஒட்டிக்கொண்டு போகும், பூச்சி விடும் இனிப்பான தேன்கழிவுக்கு வரும் எறும்பு அந்தப் பூச்சியைக் காபந்து பண்ணும். ஆனால் பூச்சி கொண்டுவந்திருந்தால் ஒரு மூலையில் தொடங்கி வரிசையில் பக்கத்துக் கொடியாக நகர்ந்திருக்கும். என் பந்தலில் ஏக்கர் முழுக்க ஒரே பருவத்தில் சிவந்தது. நாற்றிலேயே வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வேலிக்கு அந்தப் பக்கம் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பழம். அந்தத் தோட்டக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 84,000 ரூபாய் என்பது நாற்றுக் காசு மட்டும். உரம், கூலி, போன மகசூல் எதுவும் இதில் சேரவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது நேரமில்லை. சுருக்கமாக: சான்றிதழில் திராட்சை என்று இருக்கிறதா, திராட்சை வைரஸ் பெயர் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தாய்க்கொடியைப் பழம் பழுக்கும் சமயத்தில் நேரில் போய்ப் பாருங்கள். சந்தேகம் என்றால் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் கேளுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், நுகர்வோர் கோர்ட்டுக்கு எனக்கு இப்போது அதுதான் துணை. பழைய வேரை மண்ணில் விடாதீர்கள், அதிலும் வைரஸ் உயிரோடு கிடக்கும்.

மாவுப்பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் வந்தாச்சு. அடித்துவிட்டுத்தான் கொடியைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் பூச்சி மொத்தமும் பன்னீர்ப் பந்தலுக்குப் போய்விடும். அவன் நேற்றும் புது வீடியோ போட்டிருக்கிறான். நாற்று இப்போது 160 ரூபாயாம்.