கீமோ வார்டு: மருந்து ஏற்றுவதில் கெட்டி, வாய் திறப்பதில் கஞ்சம்

மாமனாருக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு சுற்று கீமோவும் முடிந்துவிட்டது. 5-க்கு மூன்றரை கொடுப்பேன்.

மருந்து ஏற்றும் விதத்தில் குறை சொல்ல முடியாது. எல்லாரும் மிரள்வது சிவப்பாக இறங்கும் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தைப் பார்த்துத்தான், ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கும் இன்னொரு கீமோ மருந்தான வின்கிரிஸ்டினுக்குத்தான் அங்கே கெடுபிடி அதிகம். பெயர், டோஸ் எல்லாவற்றையும் இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பார்கள் (ஆள் எவ்வளவு பெரிய உருவமானாலும் வழக்கமாக 2 மில்லிகிராம்தான் உச்சம்). அப்புறம் சின்னப் பையில், பம்ப் இல்லாமல், பத்து நிமிடம். கசிந்தால் சதையே வெந்துவிடும் என்பதால் எரியுதா, எரியுதா என்று கேட்டபடி நர்ஸ் நகராமல் நிற்பார். சிரிஞ்சில் கொடுக்காததற்கும் காரணம் உண்டு: முதுகுத்தண்டில் போடும் ஊசியோடு மாறிப்போய் உயிர்கள் போயிருக்கின்றன, அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் பையில் கொடுங்கள் என்று சொன்னது.

சரி, ஒன்றரை எங்கே போனது? வின்கிரிஸ்டினால் மலச்சிக்கல் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் சுற்றுக்கு அப்புறம் நான்கு நாள் பப்பாளியும் வெந்நீருமாகப் போராடிவிட்டுப் போன் செய்தால், "ஆமாம், இந்த மருந்து குடலை மந்தமாக்கும், முதல் நாளே மலமிளக்கி ஆரம்பித்திருக்கணும்" என்று சாவகாசமாகப் பதில். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு மாமாவுக்குச் சட்டைப் பொத்தான் பிடிபடவில்லை, துளைக்குப் பக்கத்திலேயே விரல் தடவிக்கொண்டிருந்தது. வின்கிரிஸ்டின் நரம்பைப் பாதிப்பதால் வருவது இது; அதையும் நான் சொன்ன பிறகுதான் பார்த்து டோஸைக் குறைத்தார்கள். பூஞ்சைக்கு வேறு டாக்டர் மாத்திரை எழுதினால் இவர்களிடம் கேட்காமல் விழுங்காதீர்கள், இட்ராகோனசோல் மாதிரியானவை வின்கிரிஸ்டினை உடம்பில் தேக்கிவிடும்.

இந்த வின்கிரிஸ்டின் நம் வாசல் நித்திய கல்யாணிச் செடியிலிருந்து வருவது, செடியின் பூர்வீகம் பக்கத்து மடகாஸ்கர். இதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைப்பிடி இலையோடு கஷாயம் போட வந்துவிட்டார். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும் அக்கா, கஷாயத்தில் மிஞ்சுவது விஷம்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

போகிறவர்கள் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஏழரைக்கே போனால் ஜன்னல் ஓர நாற்காலி கிடைக்கும், வண்டி நிறுத்தவும் இடம் இருக்கும்.